யார் பெயரிலும் இல்லாத வேலைகள்: மூன்று பேர் சேர்ந்து கேம் செய்வது பற்றி

கேள்வி இது: "நாங்கள் மூன்று நண்பர்கள். ஒருவர் புரோகிராம் எழுதுவார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் இசையும் கதையும் பார்த்துக்கொள்வார். மூவருக்கும் பகலில் வேலை இருக்கிறது. மாலை நேரத்தில் உட்கார்ந்து ஒரு வருடத்தில் ஒரு இண்டி கேமை (பெரிய நிறுவனம் இல்லாமல் நாங்களே செய்யும் கேமை) முடித்து வெளியிட நினைக்கிறோம். நடைமுறையில் இது எப்படி இருக்கும்? எந்தக் கட்டத்தில் வேலையை விடலாம்?"

உங்களைப் போலத்தான் நாங்களும் ஆரம்பித்தோம். நான் கோடிங், ஒரு நண்பன் ஓவியம், இன்னொருவன் இசையும் சத்தமும். கேமும் பெரிதில்லை. ஒரு ரயில் யார்டில் தாறுமாறாக நிற்கும் பெட்டிகளை இன்ஜினால் தள்ளியும் இழுத்தும் சொன்ன வரிசைக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பதினான்கு மாதம் என்று திட்டம் போட்டோம். மூன்று வருடம் இரண்டு மாதம் ஆனது. இடையில் யாரும் சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டுப் பிரியவும் இல்லை. கேம் வெளியான பிறகு ஒருநாள் பழைய வேலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கோடிங், ஓவியம், இசை என்று நாங்கள் பிரித்து எழுதிய மூன்று பத்திகளும் கிட்டத்தட்ட திட்டப்படியே முடிந்திருந்தன. மிச்ச நேரத்தையெல்லாம் விழுங்கியது அந்தப் பட்டியலிலேயே இல்லாத வேலைகள். என் பதிலில் பெரும்பகுதி அவற்றைப் பற்றித்தான்.

முதலில் நேரக் கணக்கைப் போட்டுவிடலாம். வேலை முடிந்து வந்து தினம் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆளுக்குப் பத்து மணி நேரம். மூவருக்கும் சேர்த்து முப்பது. முழு நேரம் உட்காரும் ஒருவர் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் தருவார். ஆக, நீங்கள் மூன்று பேர் சேர்ந்தால் முக்கால் ஆள். அதிலும் அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் நேற்று எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போகும். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை எரிக் பரோன் தனியாளாகச் செய்து முடிக்க நாலரை வருடம் ஆனது. கோடிங், படம், இசை, வசனம் எல்லாம் அவரே. 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அவர் பார்த்த வேறு வேலை, பகுதி நேரமாக ஒரு தியேட்டரில் ஆட்களை இருக்கைக்கு அழைத்துப் போவதுதான். உங்களுடைய ஒரு வருடம், அப்படி உட்காரும் ஒருவரின் ஒன்பது மாதம் கூட வராது. அந்த ஒன்பது மாதத்துக்குள் அடங்குகிற கேமாக யோசியுங்கள்.

கேமின் அடிப்படை யோசனை சரியா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு நாள் தேவையில்லை. செலஸ்ட் முதலில் பிக்கோ-8 என்ற, மென்பொருளாக மட்டுமே இருக்கும் கற்பனைக் கன்சோலுக்காக மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் நான்கே நாளில் செய்த குட்டி கேம். பாபா இஸ் யூ 2017 நார்டிக் கேம் ஜாமில், அதாவது குறுகிய நேரத்துக்குள் கேம் செய்யும் போட்டியில், ஒரு வார இறுதியில் பிறந்தது. அங்கே பரிசும் வாங்கியது. இந்தக் கதைகளைக் கேட்பவர்கள் நான்கு நாளையும் வார இறுதியையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். செலஸ்டின் முழு வடிவம் கைக்கு வந்தது 2018 ஜனவரியில். பாபா இஸ் யூ 200-க்கும் மேற்பட்ட லெவல்களோடு வெளியானது 2019 மார்ச்சில். யோசனைக்கு இரண்டு நாள், கேமுக்கு இரண்டு வருடம். நீங்களும் முதல் வார இறுதியிலேயே வெறும் சதுரங்களையும் வட்டங்களையும் வைத்து ஒன்றைச் செய்து பாருங்கள். ஓவியரை அதுவரை எதையும் வரைய விடாதீர்கள். நாங்கள் விட்டோம். அழகான படம் வந்துவிட்டால் அதன் கீழே இருக்கும் கேம் சுமார் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இப்போது அந்தப் பட்டியலில் இல்லாத வேலைகளுக்கு வருகிறேன். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் கேமில் இன்ஜின் போய் ஒரு பெட்டியைத் தொட்டதும் கொக்கி மாட்டிக்கொள்ளும். கோடிங் அளவில் அது ஒரே வரி. முதல் வடிவத்தை விளையாடிப் பார்த்த நான்கு பேரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "மாட்டிக்கிச்சா, இல்லையா?" திரையில் பெட்டி இன்ஜினை ஒட்டித்தான் நின்றது. ஆனாலும் மாட்டியது போல யாருக்கும் தோன்றவில்லை. சரி, சத்தம் ஒன்று வைப்போம் என்று இசைக்காரன் நிஜ இரும்பை இரும்பால் தட்டிப் பதிவு செய்து ஒரு கணீர் சத்தம் கொடுத்தான். வைத்தோம். இன்னும் ஏதோ ஒட்டவில்லை. ஓவியன் ஒரு சின்னப் புகையும் இரண்டு தீப்பொறியும் வரைந்து கொடுத்தான். அப்போதும் ஒட்டவில்லை. மூன்று பேரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து பிரேம் பிரேமாக, அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படமாக, ஓட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: சத்தக் கோப்பின் ஆரம்பத்தில் 80 மில்லி செகண்ட் வெறும் மௌனம். ஒரு விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட். அதாவது பெட்டி மாட்டி ஏறக்குறைய ஐந்து பிரேம் கழித்துத்தான் கணீர் என்று கேட்டது. ஹெட்போனில் தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த மௌனத்தை வெட்டினோம். மாட்டும் கணத்தில் எல்லாவற்றையும் மூன்று பிரேம் அப்படியே நிறுத்தினோம். பெட்டி இரண்டு பிக்சல் பின்னால் தள்ளப்பட்டுத் திரும்பி வரும்படி செய்தோம். புகையை ஒரு பிரேம் தாமதமாக விட்டோம். அதன் பிறகு யாரும் "மாட்டிக்கிச்சா" என்று கேட்கவே இல்லை. சிலர் புதிரை விட்டுவிட்டுச் சும்மா பெட்டிகளை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஆன காலம் இரண்டு வாரம். திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது பூஜ்யம். செலஸ்டிலும் இப்படி ஒன்று உண்டு. மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போதும் சில பிரேம்கள் வரை குதிக்க அனுமதிப்பார்கள். விளையாடுபவருக்கு அப்படியொரு சலுகை இருப்பதே தெரியாது, கண்ட்ரோல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார். இந்த மாதிரி வேலைக்கு உங்கள் மூவரில் யார் பொறுப்பு? கோடிங்கா, ஓவியமா, சத்தமா? மூன்றும்தான். அதனால்தான் யாரும் கையில் எடுப்பதில்லை.

இன்னொன்று பாயிண்ட் நெம்புகோல். தண்டவாளத்தை மாற்றிவிட அதைக் கிளிக் செய்ய வேண்டும். ஓவியன் அதைத் துருப்பிடித்த பழுப்பில், சுற்றியுள்ள ஜல்லிக் கற்களின் நிறத்தோடு இழைத்து மிக அழகாக வரைந்திருந்தான். விளையாடிப் பார்க்க வந்த ஒருவர் மூன்றாவது லெவலில் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். நெம்புகோல் அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நான் அவர் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் இந்தச் சோதனையின் ஒரே விதி. கடையில் வாங்கி விளையாடுபவரின் பின்னால் போய் நீங்கள் நிற்கப்போவதில்லையே. அன்று இரவே நெம்புகோலுக்கு மஞ்சள் கைப்பிடி வந்தது. ஓவியனுக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை.

சோதனைக்கு நண்பர்களைக் கூப்பிடலாம், ஆனால் முதல் தடவை விளையாடுகிறவர் ஒரு முறைதான் கிடைப்பார். கையிலிருக்கும் புது ஆட்களை ஒரே நாளில் செலவழித்துவிடாதீர்கள். மாதம் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாடி முடித்து அவர்கள் சொல்லும் யோசனைகளை மரியாதைக்குக் குறித்துக்கொண்டு, விளையாடும்போது எங்கே பெருமூச்சு விட்டார்கள், எங்கே போனை எடுத்தார்கள் என்பதைத் தனியாக எழுதி வையுங்கள். எனக்குப் பயன்பட்டது இரண்டாவது நோட்டுதான்.

புதிர் கேம் என்பதால் அண்டூ பட்டன் கட்டாயம். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் நிலைமையைச் சேமித்து வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினால் அதற்குத் திரும்ப வேண்டும். முதல் மாதமே எழுதியிருந்தால் ஒரு நாள் வேலை. நான் பத்தாவது மாதம் எழுதினேன். அதற்குள் பெட்டியின் இடம் ஒரு பக்கம், பாயிண்டின் நிலை இன்னொரு பக்கம், கொக்கி மாட்டியிருக்கிறதா என்பது வேறெங்கோ என்று சிதறிக் கிடந்தது. அண்டூ செய்தால் பெட்டி பழைய இடத்துக்குப் போகும், பாயிண்ட் மட்டும் திரும்பாது. இல்லாத தண்டவாளத்தில் போய்ப் பெட்டி நிற்கும். இதைச் சரிசெய்ய ஐந்து வாரம். சேவ், அண்டூ, ஆன்லைன் விளையாட்டு இந்த மூன்றில் எது உங்கள் கேமுக்குத் தேவையோ அதைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது. இது புரோகிராமருக்கு மட்டும் சொல்கிறேன், மற்ற இருவரும் தாண்டிப் போகலாம்.

அடுத்தது வெட்டுவது. இதுதான் எங்கள் நட்புக்கே சோதனை வைத்தது.

எட்டாவது மாத வாக்கில் கேமில் ஆறு விஷயங்கள் இருந்தன: பெட்டி, பாயிண்ட், சிக்னல், பாலம், சரிவு, எடைக் கட்டுப்பாடு. இன்னும் நான்கு சேர்த்தால் கேம் பெரிதாகத் தெரியும் என்று மூவருமே நினைத்தோம். கணக்கைப் பிறகுதான் போட்டோம். ஆறு விஷயங்கள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்வதற்கு 15 வழிகள். பத்து இருந்தால் 45. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று சந்திக்கும்போது என்ன ஆகும் என்று முடிவு செய்ய வேண்டும், கோடிங் செய்ய வேண்டும், படம் வேண்டும், சத்தம் வேண்டும், அண்டூ வேலை செய்ய வேண்டும். நான்கு விஷயம் கூடியதாக நினைத்தோம், வேலை மூன்று மடங்கு ஆகியிருந்தது.

புதிதாக வந்த நான்கில் ஒன்று சுழல் மேடை. இன்ஜினை அதன்மேல் நிறுத்தித் திசை திருப்புவது. நிஜ யார்டுகளில் உண்டு. ஓவியன் அது சுழலும் 32 படங்களைக் கையால் வரைந்திருந்தான். மூன்று வாரம். கேமிலேயே அழகான பொருள் அதுதான். ஆனால் அது இருக்கும் எல்லா லெவலிலும் புதிர் உடைந்தது. எந்தச் சிக்கலையும் மேடையில் ஏற்றித் திருப்பிவிட்டால் முடிந்தது. நான் எடுத்துவிடலாம் என்றேன். "அப்போ என் மூணு வாரம்?" என்றான். "புதிர் வேலை செய்யலையேடா" என்றேன். "உன் அண்டூவுக்கு அஞ்சு வாரம் கொடுத்தோமே, அப்ப யாராவது எடுத்துடலாம்னு சொன்னோமா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் அவன் எதையும் அனுப்பவில்லை. குரூப்பில் இசைக்காரன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

பிரச்சினை சுழல் மேடை கிடையாது. மூவரும் சமம், எல்லாவற்றையும் மூவரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்று ஆரம்பத்தில் பெருமையாகப் பேசி வைத்திருந்தோம். அப்படி வைத்தால் சேர்ப்பதற்கு எளிதாக ஒத்துக்கொள்வோம், எடுப்பதற்கு ஒருபோதும் ஒத்துவராது. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். எதை வைப்பது, எதை எடுப்பது என்பதில் கடைசி வார்த்தை இசைக்காரனுடையது. மூவரில் திரையில் தெரியும் எதையும் அவன் செய்யவில்லை. அதனால் எதை எடுத்தாலும் அவனுக்கு வலிக்காது. கேட்க விசித்திரமாக இருக்கும், எங்களுக்கு வேலை செய்தது. அவன் முதல் நாளே சுழல் மேடையையும் என்னுடைய வானிலை சிஸ்டத்தையும் சேர்த்து எடுத்துவிட்டான். வானிலை போனது எனக்கு வலித்தது, ஓவியனுக்குச் சமாதானமாகியது. சுழல் மேடை இப்போது கேமின் முதல் திரையில் பின்னணியில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கிறது.

பங்கு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வந்த பிறகு எழுத முடியாது. சமமாக மூன்றில் ஒரு பங்கு என்பது சுலபம், ஆனால் ஒருவர் ஆறாவது மாதம் விலகினால் என்ன என்பதை அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி வைப்பது நியாயமாக இருக்கிறது. இன்னொன்று, வரைந்த படமும் இசையும் கேமில் தொடர்ந்து இருக்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஒருவர் வரைந்தது பொதுவாக அவருக்கே சொந்தம். அவர் கோபித்துக்கொண்டு போனால் பாதி கேம் அவரோடு போகும்.

கேமைக் கட்ட உதவும் மென்பொருளான கேம் எஞ்சினில் எது நல்லது என்று கேட்டு நாள் கடத்தாதீர்கள். உங்கள் புரோகிராமருக்கு ஏற்கெனவே தெரிந்தது எதுவோ அது. கோடோ திறந்த மூல மென்பொருள், உரிமத் தொகை கிடையாது. அன்ரியலில் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் 5% பங்கு, அந்தக் கவலை வந்தால் சந்தோஷப்படுங்கள். யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு ஒரு வருடத்தில் அதைக் கைவிட்டது. விதிகள் நடுவில் மாறலாம் என்பதை மனதில் வைத்து, கேமின் விதிகளை எஞ்சினோடு பின்னிவிடாமல் தனியாக எழுதினால் போதும். கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளை மூவரும் முதல் நாளே பழகுங்கள். ஓவியருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "இறுதி", "இறுதி புதியது", "இதுதான் உண்மையான இறுதி" என்று பெயர் வைத்த ஃபோல்டர்களில் நாங்கள் ஒரு லெவலையே தொலைத்தோம்.

வெளியீடு நெருங்கியபோதுதான் மற்றவை வரிசையாக வந்து நின்றன. சேவ் கோப்பை நான் பழைய கோப்பின் மேலேயே நேராக எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போது ஒரு சோதனையாளரின் கணினி அணைந்துவிட்டது. மறுபடி திறந்தால் கோப்பு இருக்கிறது, உள்ளே பூஜ்ய பைட். நாற்பது லெவல் முடித்திருந்தார். தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுதாக எழுதி, சரியாக எழுதப்பட்டதா என்று பார்த்து, அப்புறம் பெயரை மாற்ற வேண்டும். பழையதை ஒரு பிரதியாக வைத்திருக்க வேண்டும். இது பழைய பாடம், புத்தகங்களிலேயே இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து டெமோ விளையாடிய ஒருவர் வீடியோ அனுப்பினார். இன்ஜின் கிளம்பிய வேகத்தில் யார்டைத் தாண்டித் திரைக்கு வெளியே பறந்தது. நாங்கள் மூவரும் அரை மணி நேரம் சிரித்தோம், அப்புறம் இரண்டு நாள் தேடினோம். லெவல் கோப்பில் வேகம் 1.5 என்று எழுதியிருந்தது. ஜெர்மன் முறையில் தசமத்துக்குக் கமா, ஆயிரம் பிரிக்கப் புள்ளி. அவர் கணினியின் அமைப்பை வைத்து எண்ணைப் படித்த கேம் அதை 15 என்று எடுத்துக்கொண்டது. எங்கள் மூவரின் கணினியிலும் ஆயிரம் தடவை ஓட்டினாலும் வந்திருக்காத பக்.

பெட்டிகளுக்கு நிறம்தான் அடையாளம் என்று வைத்திருந்தோம். சிவப்பு, பச்சை, பழுப்பு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உண்டு. அவர்களுக்கு எங்கள் கேம் தீர்க்கவே முடியாத புதிர். ஒவ்வொரு பெட்டியின் கூரையிலும் ஒரு குறி வரைந்து அதைத் தீர்த்தோம். பிறகு மெனு, சத்தத்தைக் குறைக்கும் ஸ்லைடர், கண்ட்ரோலரைப் பிடுங்கினால் கேம் நிற்பது, ஜன்னல் அளவை மாற்றினால் எழுத்து உடையாமல் இருப்பது. ஒன்றும் கஷ்டமில்லை. எல்லாம் சேர்ந்து நாலு மாதம்.

கடைப் பக்கம் இன்னொரு முழு வேலை, அதுவும் யார் பெயரிலும் இல்லை. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டி இடம் வாங்க வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்ப வரும். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே "விரைவில்" பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி மட்டும் நடந்தால் வெளியாகும் நாளில் உங்களை யாருக்கும் தெரியாது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் அதிகமான கேம்கள் வந்தன. காட்ட ஒரு லெவல் தயாரானதுமே பக்கத்தைத் திறந்துவிடுங்கள், பிறகு வாங்கலாம் என்று குறித்துவைப்பவர்களின் விஷ்லிஸ்ட் சேரட்டும். நாங்கள் வெளியீட்டுக்கு மூன்று மாதம் முன்புதான் திறந்தோம். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான், அண்டூவை விட.

அந்தப் பக்கத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரு சிறு செவ்வகப் படம். பட்டியலில் கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும். எங்கள் ஓவியன் பிக்சல் படத்தில் கெட்டிக்காரன். இந்தப் படத்துக்கு வேறு வித்தை வேண்டும். ஒன்பது தடவை மாற்றினான். ஒவ்வொன்றையும் சின்னதாக்கி மற்ற கேம்களின் நடுவே ஒட்டிவைத்து, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தோம். கடைசியில் நின்றது: கருப்புப் பின்னணி, ஒரு மஞ்சள் நெம்புகோல், ஒரு சிவப்புப் பெட்டி. அவனுக்குப் பிடிக்காத அதே மஞ்சள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் இந்த ஒரு படத்துக்கு மட்டும் வெளியாளைக் கூப்பிடுங்கள். டிரெய்லரில் உங்கள் குழுவின் லோகோவை முதலில் காட்டாதீர்கள். உங்கள் அம்மாவைத் தவிர அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழாவில் ஒரு கேம் ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும். அரைகுறை டெமோவை வைத்து அந்த ஒரு தடவையை வீணாக்க வேண்டாம். வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதும் உங்களைப் போன்ற சின்ன கேம்களைத் தொடும் விஷயம். முதல் அரை மணி நேரத்தை ஐம்பது தடவை திருத்துங்கள் என்பேன்.

வெளியீட்டு நாளைப் பற்றி எழுத அதிகமில்லை. மூவரும் விடுப்பு எடுத்திருந்தோம். முதல் மணி நேரத்திலேயே, சேவ் எதுவும் இல்லாத புது ஆள் "தொடர்" பட்டனை அழுத்தினால் கேம் மூடிக்கொள்கிறது என்று தெரிந்தது. எங்கள் கணினிகளில் எப்போதும் சேவ் இருந்ததால் நாங்கள் பார்த்ததே இல்லை. நாற்பது நிமிடத்தில் சரிசெய்தோம். முதல் மோசமான விமர்சனம் மாலை வந்தது: 23ஆம் லெவலில் மாட்டிக்கொண்டேன், வெறுத்துவிட்டது என்று. பதில் எழுத உட்கார்ந்தேன். இசைக்காரன் போன் பண்ணி, "பதில் வேண்டாம், லெவலைப் பாரு" என்றான். பார்த்தோம். அது 31ஆம் இடத்தில் இருக்க வேண்டிய லெவல்.

பெரிய வெற்றிகளைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அமாங் அஸ் 2018 ஜூனில் வெளியாகி, 2020 நடுவில்தான் உலகமெல்லாம் பரவியது. மிகச் சிறிய குழு. இரண்டு வருடம் விடாமல் கேமைப் பராமரித்தது அவர்கள் கையில் இருந்தது. வெடித்தது அவர்கள் கையில் இல்லை. பணக் கணக்கை இப்படி வையுங்கள்: 10 டாலர் விலையென்றால் கடையின் பங்கு 30%. அதற்கு முன்பே சில நாடுகளில் விற்பனை வரி போகும், திருப்பிக் கேட்டவர்களின் பணம் போகும். பெரும்பாலானவர்கள் தள்ளுபடியில்தான் வாங்குவார்கள். மிச்சத்தை மூன்றாகப் பிரித்து, ஆளாளுக்கு வருமான வரி கட்ட வேண்டும். எங்களுக்கு வந்ததை மூன்று வருட மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். அந்த எண்ணை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வேலையை விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள், இந்த கேமுக்காக விடவே விடாதீர்கள். மாலை இரண்டு மணி நேரம் குறைவுதான், ஆனால் அந்தச் சம்பளம்தான் சுழல் மேடையை எடுக்க எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. அடுத்த மாத வாடகை அந்த கேமை நம்பி இருந்திருந்தால், இருப்பதை அப்படியே வெளியிட்டிருப்போம். ஒரு கேம் முழுதாக வெளியாகி, அதன் வருமானம் ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் நின்று, அடுத்த கேமின் டெமோவைத் தெரியாத ஆட்கள் தேடி வந்து விளையாடுகிறார்கள் என்றால் அப்போது பேசலாம். அதுவும் மூவரும் ஒரே நாளில் விட வேண்டாம். ஒருவர் முதலில் விட்டு, மற்ற இருவரும் இன்னும் மாலை நேரத்தில் வருவது போல வையுங்கள். பட்டியலில் இல்லாத வேலைகளை எடுத்துச் செய்யப்போகிறவர் யாரோ, முதலில் விடுகிறவர் அவராக இருக்கட்டும்.

எங்களில் வேலையை விட்டது ஓவியன் மட்டும். எங்கள் கேமைப் பார்த்த வேறொரு குழு அவனுக்குச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டது, போய்விட்டான். அங்கேயும் யாரோ மஞ்சள் கைப்பிடி கேட்கிறார்களாம். நானும் இசைக்காரனும் இன்னும் அதே மாலை இரண்டு மணி நேரம்தான். புது கேம் ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. மொத்தம் பன்னிரண்டே லெவல். அண்டூவை முதல் வாரமே எழுதி முடித்துவிட்டேன்.